எல்லா வார்த்தையும் தெரிந்த பிள்ளை

நவம்பர் பிறந்துவிட்டால் போதும், மாஸ் ஆற்றின் மேல் பனிமூட்டம் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். விடிந்து வெகுநேரம் ஆன பிறகும் எதிரே வருகிற படகின் மூக்கு தெரியாது. ஆற்றில் பிழைக்கிற ஜனங்கள் அந்த மாதத்தில் வாயை மூடிக் காதைத் திறந்து வைத்திருப்பார்கள்.

அப்படியொரு காலையில் 'யோஹன்னா' என்கிற சரக்குப் படகு, வயிறு கொள்ளாமல் சரளைக் கல்லை ஏற்றிக்கொண்டு, மதகுக்கு முன்னால் வரிசையில் கட்டிக் கிடந்தது. அந்த இடத்தில் தண்ணீர் ஒரு மாடி வீட்டு உயரத்துக்கு இறங்கும். படகைத் தொட்டிக்குள் விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை வடித்து, கீழே இறக்கிவிடுவார்கள். முன்னால் நிற்கிற படகெல்லாம் இறங்கி முடிய மத்தியானம் ஆகிவிடும். படகுக்காரனின் பெண்டாட்டி ஃபென்னா முன்தளத்தில் குந்தி, பனியில் விறைத்துக் கட்டையாகிப்போன வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கை வடத்தில் இருந்தாலும் கண் கரையில் இருந்தது. வில்மா டீச்சரின் கார் வரவேண்டும்.

ஆற்றுப் பிள்ளைகளுக்கு ஏழு வயது வரைக்கும் படகுதான் பள்ளிக்கூடம், பெற்றவள்தான் வாத்தியார். கரையில் இருக்கிற பள்ளியிலிருந்து ஒரு பெட்டி வரும். ஈஸ்டர் என்றால் முட்டை, கூடை, கோழிக்குஞ்சு. கிறிஸ்துமஸ் என்றால் மரம், நட்சத்திரம், மெழுகுவத்தி. பண்டிகையைக் காட்டினால் பிள்ளைகள் தானாக வாயைத் திறக்கும் என்பது வில்மா டீச்சரின் கட்சி. படம், பொம்மை, விளையாட்டு எல்லாம் பெட்டிக்குள் இருக்கும். அம்மாக்காரி அடுப்பையும் வடத்தையும் பார்த்துக்கொண்டே அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கே படகு நிற்கிறதோ அங்கே காரை ஓட்டிக்கொண்டு வந்து, பிள்ளைக்கு எத்தனை வார்த்தை ஏறியிருக்கிறது என்று பார்த்துப் போவது டீச்சரின் வேலை.

டீச்சர் வந்துவிட்டாள். பலகை வழியாக ஏறி, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு கீழறைக்கு இறங்கினாள். மேஜையில் படங்களை ஒவ்வொன்றாக வைத்தாள்.

"ரூஸ் கண்ணு, இது என்ன?"

வெள்ளைக் குதிரை. ஃபென்னாவின் இளைய மகள் ரூஸ் படத்தைப் பார்த்தாள், பிறகு மேஜைக்கடியில் படுத்திருந்த கீஸைப் பார்த்தாள். கீஸ் அந்தப் படகின் நாய். அது கொட்டாவி விட்டது.

"சரி, இது?"

புகைபோக்கி. வாய் திறக்கவில்லை.

"முந்தாநாள் சொன்னாளே டீச்சர்," என்றாள் ஃபென்னா. பச்சைப் பொய். அந்தப் பிள்ளை முந்தாநாளும் சொல்லவில்லை, அதற்கு முந்தைய நாளும் சொல்லவில்லை.

"நீ உதவி பண்ணாத ஃபென்னா. அவளே சொல்லட்டும்."

அவளே சொல்லவில்லை. சிவப்பு அங்கி, வெள்ளைத் தாடி, சாக்குமூட்டை, வைக்கோல், ஓட்டுக் கூரை. ஐந்தரை வயதுப் பிள்ளை கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஊமையும் இல்லை. பசிக்கிறது என்பாள், கீஸுக்குக் குளிருகிறது என்பாள். பாடத்து வார்த்தை என்றால் மட்டும் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

நாயைக் கூட்டிக்கொண்டு மேலே போ என்று அவளை அனுப்பிவிட்டு, ஃபென்னா காப்பி ஊற்றினாள். பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினாள். டீச்சர் ஒன்று எடுத்தாள். ஒன்றுதான் எடுப்பார்கள் அந்த ஊரில். மூடி உடனே சாத்தப்படும்.

"நான் சுத்தி வளைச்சுப் பேசல," என்றாள் டீச்சர். "போன ஈஸ்டருக்கு வாய் ஓயாம பேசின பிள்ளை. கோடையிலயும் பேசினா. செப்டம்பர்லேர்ந்து புதுசா ஒரு வார்த்தை வரல. இருந்ததும் போயிடுச்சு. கரையில இவ வயசுப் பிள்ளைங்க..."

"கரைப் பிள்ளைக்கு வடம் தெரியுமா? சுக்கான் தெரியுமா? எந்தப் பக்கம் பச்சை விளக்கு, எந்தப் பக்கம் சிவப்பு விளக்குன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா அவ நாளைக்குப் போய் உக்காரப்போற வகுப்புல வடத்தை யாரும் கேக்க மாட்டாங்களே."

ஃபென்னா பிஸ்கட் டின்னை அலமாரியில் திருப்பி வைத்தாள்.

"டிசம்பர்ல, சின்டர்கிளாஸ் பண்டிகை அன்னைக்கு மறுபடி வரேன்," என்றாள் டீச்சர். "அப்பவும் இப்படியே இருந்தா, கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் பிள்ளை கரைக்கு வந்துடறதுதான் நல்லது. எல்ஸ்கெ இருக்கிற விடுதியிலேயே இடம் இருக்கு. இல்லையா, நீ அவளைக் கூட்டிட்டுக் கரையில வீடு பார்த்துக்கோ. அவ கெட்டுப்போகணும்னு நான் சொல்லல ஃபென்னா."

"தெரியும் டீச்சர். நீங்க என்ன பண்ணுவீங்க."

டீச்சர் போன பிறகு அந்தக் கோப்பையைக் கழுவவே ஃபென்னாவுக்கு வெகுநேரம் பிடித்தது.

எல்ஸ்கெ மூத்தவள். பத்து வயது. ஏழு முடிந்ததும் நைமேகன் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஆற்றுக் குடும்பங்களில் எல்லாரும் செய்வதுதான். ஃபென்னாவும் விடுதியில் வளர்ந்தவள்தான், அவள் புருஷன் ஹார்மெனும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை கூட்டிவந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் விட வேண்டும். முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே அந்தப் பிள்ளை காலையிலிருந்து சாப்பிடாது. இப்போது அழுவதில்லை. வருகிறாள், அழுக்குத் துணியை மூட்டையிலிருந்து கொட்டுகிறாள், விடுதிப் பெண்களோடு போனில் பேசுகிறாள், போகிறாள். 'வீட்டுக்குப் போறேன்' என்று ஒருமுறை விடுதியைச் சொன்னாள். ஃபென்னா அன்றைக்கு அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் அரிந்தாள். இளையவளாவது ஏழு வயது வரைக்கும் மடியில் கிடக்கட்டும் என்று இருந்தவளுக்கு இப்படியொரு தலையெழுத்து.

சாயங்காலம் பட்டாணி சூப் கொதித்தது. கரண்டி நிற்கிற பதத்தில், புகைபோட்ட இறைச்சித் துண்டம் மிதக்க, கருப்பு ரொட்டியோடு வைத்தாள். ஹார்மென் எஞ்சின் அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பெரிய ஆள், மெதுவான பேச்சு. வயர்லெஸ்ஸில் மட்டும் மளமளவென்று பேசுவான்.

"என்ன சொன்னா?"

சொன்னாள்.

"நீ கரைக்குப் போயிட்டா நான் யாரை வெச்சு ஓட்டுறது?"

"வேலைக்கு ஆள் போடு."

"ரெண்டு பேர் இல்லாம படகை நகர்த்தக் கூடாதுன்னு சட்டம். அதான் நீ இருக்க, நான் இருக்கேன். ஆள் போட்டா அவனுக்குக் குடுத்ததுபோக மிச்சம் என்ன? படகை வித்துட்டு லாரி ஓட்டலாம்."

"லாரி ஓட்டு. யார் வேணாம்னது?"

"ஃபென்..."

"என்னை ஏன் கேக்கற? போய் உன் பொண்ணைக் கேளு. முத்து உதிர்ந்துடும்னு வாயை மூடிக்கிட்டு இருக்கா. கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டேன் ஹார்மென். எனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியல போல."

"எல்ஸ்கெவுக்கு நீதான சொல்லிக்குடுத்த. அவ படபடன்னு சொல்லுவாளே."

"அவ வேற. இவ அழுத்தக்காரி."

அடுத்தடுத்த நாட்கள் பாடமாகவே போயின. கல்லை இறக்கிவிட்டு வெறும் படகாக மேலே திரும்பினார்கள், மறுபடி ஏற்றினார்கள். இடையில் எங்கே கட்டினாலும் ஃபென்னா பெட்டியைத் திறந்தாள். நவம்பர் நடுவில் சின்டர்கிளாஸ் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்து இறங்குவார் என்பது அந்த நாட்டு வழக்கம். சிவப்பு அங்கி போட்ட கிழவர், வெள்ளைக் குதிரையில் கூரை கூரையாகப் போவார். பிள்ளைகள் காலணியை அடுப்புப் பக்கம் வைத்து, குதிரைக்கென்று உள்ளே ஒரு கேரட்டைச் செருகி, பாட்டுப் பாடிவிட்டுப் படுக்க வேண்டும். விடிந்தால் கேரட் போய் மிட்டாய் இருக்கும். ரூஸின் ரப்பர் பூட்ஸை அடுப்பருகே வைத்து, "கேரட் எங்க? வைக்கோல் எங்க? குதிரைக்குத் தண்ணி எதுல வெக்கலாம்?" என்று ஃபென்னா கேட்டுக்கொண்டே இருப்பாள். ரூஸ் எல்லாவற்றையும் சரியாக எடுத்து வைப்பாள். பேச மாட்டாள்.

மசாலா பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்தார்கள். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வாசனையில் கீழறை நிறைந்தது. "இது என்ன வாசனை? முகர்ந்து பாரு. சொல்லு. பட்... பட்..." ரூஸ் முகர்ந்தாள், தும்மினாள், மாவை உருண்டை பிடித்தாள். அட்டையில் கூரை வெட்டி ஒட்டினார்கள். பைக்குள் சாமானைப் போட்டு, கண்ணை மூடித் தடவிப் பேர் சொல்லும் விளையாட்டும் நடந்தது. பைக்குள் சின்னக் கை போகும், வெகுநேரம் தடவும், முகத்தில் தெரிந்துகொண்ட களை வரும். அந்தக் களையைப் பார்த்து ஃபென்னா முன்னால் குனிவாள். கை வெறுமனே வெளியே வரும்.

"சொல்லுடி. ஒரே ஒரு வார்த்தை."

"தெரியாது."

ஒருநாள் ஹார்மென், இறுக்கத்தைக் குறைக்கலாம் என்று நினைத்து, மாவுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "ஹோ! பேசாத பிள்ளை எங்க? சாக்குல போட்டுக் கட்டி ஸ்பெயினுக்குத் தூக்கிட்டுப் போறேன்!"

"சும்மா இரு ஹார்மென். அந்தக் காலத்துப் பூச்சாண்டி எல்லாம் காட்டாத," என்று சீறினாள் ஃபென்னா.

ஆனால் ரூஸ் பயப்படவில்லை. அப்பாவை உற்றுப் பார்த்தாள். "பேசாத பிள்ளையைத்தானா?"

"ஆமா."

"பேசற பிள்ளையை?"

"பேசற பிள்ளைக்கு முட்டாய்."

"நீ தப்பா சொல்ற," என்றாள் ரூஸ், ரொம்பத் தீர்மானமாக. கீஸைக் கூட்டிக்கொண்டு சுக்கான் அறைக்கு ஏறிப் போய்விட்டாள். ஹார்மென் சாக்கோடு நின்றான். "என்ன தப்பா சொன்னேன்?" என்றான் பெண்டாட்டியிடம். அவளுக்கும் தெரியவில்லை.

டீச்சர் வருவதற்கு முந்தின நாள் மறுபடி அதே மதகு, அதே வரிசை. குளிர் எலும்புக்குள் இறங்கியது. ஹார்மென் எண்ணெய் வடிகட்டியை மாற்ற எஞ்சின் அறைக்குள் போயிருந்தான். ஃபென்னா முன்தளத்தில் உறைபனியைச் சுரண்டி உப்புத் தூவிக்கொண்டிருந்தாள். வழுக்கினால் ஆற்றோடு போக வேண்டியதுதான். அவள் சட்டைப் பையில் கை வயர்லெஸ் கரகரத்துக்கொண்டிருந்தது. எப்போது மதகுக்காரர் கூப்பிடுவாரோ தெரியாது, காதை அதிலேயே வைத்திருக்க வேண்டும்.

திடீரென்று கரகரப்பு நின்றது. ஒரு சின்னக் குரல் வந்தது.

"கீஸ், இங்க பாரு. ஆடாத. இது கூரை. ஓடு போட்டிருக்கு பாரு. நமக்குக் கிடையாது, வீட்டுக்குத்தான் இருக்கும். இது புகைபோக்கி. இது வழியா புகை வரும், முட்டாய் உள்ள போகும்."

ஃபென்னாவின் கையிலிருந்த உப்பு வாளி சாய்ந்தது.

"இது அங்கி. இது தாடி, நெஜத் தாடி, பிச்சா வலிக்கும். இது லாடம். குதிரை பாதத்துல அடிப்பாங்க. பனி இருந்தா லாடம் வழுக்கும்ல? அம்மா உப்பு போடுவா. இது பட்டை. இது கிராம்பு, ஆணி மாதிரி இருக்கும். இது ஜாதிக்காய்."

சுக்கான் அறையில் ஹார்மென் கழற்றிப் போட்ட கனத்த கோட்டு, வயர்லெஸ் மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டு கிடந்திருக்கிறது. முன்னும் பின்னும் நின்ற படகு அத்தனையிலும், மதகு மேடையிலும் அந்தக் குரல்தான் ஒலித்தது. எதிர்ப்படகில் தளம் கழுவிக்கொண்டிருந்தவன் துடைப்பத்தை ஊன்றி நின்று கேட்டான். ஃபென்னா அசையவில்லை. ஓடிப்போய் நிறுத்தினால் குரல் நின்றுவிடும் என்று பயம்.

"உனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நீ கெட்டிக்கார நாய். ஆனா யார்கிட்டயும் சொல்லாத கீஸ். அம்மாகிட்டகூடச் சொல்லாத. சரியா? வாலை ஆட்டு. சரி."

கோட்டு எப்படியோ நழுவியிருக்க வேண்டும். கரகரப்பு திரும்பி வந்தது. அடுத்த நொடி பின்படகுக்காரனின் முரட்டுக் குரல். "ஏ ஹார்மென்! இருக்கியா? எங்க படகுல எல்லாரும் பாஸ். ஜாதிக்காய் மட்டும் என் மச்சானுக்கு வரல, இன்னொருதரம் சொல்லச் சொல்லு!"

மதகுக்காரரும் சிரித்துக்கொண்டே, "யோஹன்னா, உங்க சின்ன டீச்சரம்மாவுக்கு வணக்கம். இன்னும் ரெண்டு படகு, அப்புறம் நீங்க," என்றார்.

ஃபென்னா சிரிக்கவில்லை. படகின் ஓரப் பாதையில் அந்த நீளம் முழுவதும் ஓடினாள். உப்புப் போடாத இடத்தில் கால் சறுக்கி, கம்பியைப் பிடித்து, மறுபடி ஓடினாள். சுக்கான் அறைக் கதவைத் திறந்தபோது ரூஸ் தரையில் படங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கையால் படங்களை மறைத்தாள்.

"உனக்கு எல்லாம் தெரியும்," என்றாள் ஃபென்னா. மூச்சு வாங்கியது. "எல்லாம் தெரியும் உனக்கு."

பிள்ளை படங்களை இன்னும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் கேட்டேன்டி. ஆறே கேட்டுது. நாய்க்குச் சொல்ற, பெத்தவகிட்ட சொல்ல மாட்டியா? நான் உனக்கு என்ன பண்ணினேன்? ராவும் பகலும் இதே நெனப்பா செத்துக்கிட்டு இருக்கேன், நீ வேணும்னே மறைக்கிறியா?"

"கீஸுக்குத் தெரிஞ்சா பரவால்ல," என்றாள் ரூஸ்.

"எனக்குத் தெரிஞ்சா என்ன?"

ரூஸ் நாயின் ரோமத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோர்த்தது, விழவில்லை. ஃபென்னாவுக்குக் கோபம் வடிந்துவிட்டது. கீழே உட்கார்ந்து பிள்ளையின் குளிர்ந்த கையைத் தன் சட்டைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு டீச்சர் வருவாங்க. அவங்ககிட்ட சொல்லு செல்லம். கீஸ்கிட்ட சொன்னியே, அதே மாதிரி. எனக்காக."

"சொன்னா நீ சந்தோஷப்படுவியா?"

"ரொம்ப."

"அழ மாட்டியே?"

"நான் எதுக்குடி அழப்போறேன்?"

ரூஸ் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்குப் போய் ஒரு சாமானை எடுப்பதா வேண்டாமா என்று பெரியவர்கள் யோசிப்பார்களே, அப்படி யோசித்தாள். பிறகு, "சரி," என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நகரத்துப் படகுத்துறையில் கட்டினார்கள். படகின் பின்தளத்தில் நிற்கிற காரைச் சின்னக் கிரேனால் கரையில் இறக்கி, ஹார்மென் போய் எல்ஸ்கெவைக் கூட்டிவந்தான். அவள் வந்து துணி மூட்டையை அறையில் போட்டாள். வளர்ந்திருந்தாள். போன வாரம் பார்த்ததற்கு இந்த வாரம் வளர்ந்திருப்பது ஃபென்னாவுக்கு ஒவ்வொரு முறையும் உறைக்கும். மேஜையில் ஆரஞ்சுப் பழமும், ஆளுக்கொன்றாக, அவரவர் பேரின் முதல் எழுத்து வடிவத்தில் செய்த சாக்லேட்டும் இருந்தன. அன்றைக்கு ராத்திரிதான் பரிசு பிரிப்பது. ரூஸ் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தானாகவே முகம் கழுவினாள். தானாகவே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, "வாரி விடு," என்று அம்மா முன்னால் திரும்பி நின்றாள்.

டீச்சர் வந்ததும் ரூஸ் உட்காரவில்லை. மேஜைக்கு எதிரில் நிமிர்ந்து நின்றாள்.

"இது என்ன ரூஸ்?"

"குதிரை. வெள்ளைக் குதிரை. பாதத்துல லாடம் இருக்கு."

டீச்சரின் கை அடுத்த படத்தின் மேல் அப்படியே நின்றது.

"இது?"

"ஓட்டுக் கூரை. அது புகைபோக்கி. இது வைக்கோல், குதிரை சாப்பிடும். அங்கி. தாடி. சாக்கு." டீச்சர் படத்தை வைப்பதற்குள் சொன்னாள். வைக்காத படத்தையும் சொன்னாள். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், பாய்மரம், நங்கூரம், மெழுகுவத்தி. போன ஈஸ்டரில் படித்த கூடையும் கோழிக்குஞ்சும்கூட வந்தன. குரல் நடுங்கவில்லை. ஒன்றையும் விடக்கூடாது என்று தேடித் தேடி எடுத்துக் கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

"அவ்வளவுதான். இதுக்கு மேல எனக்குத் தெரியாது," என்று முடித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அடிப்பாவி," என்றாள் மெல்ல. "என் வேலையில இப்படி ஒண்ணு பார்த்ததில்ல. எங்க வெச்சிருந்தா இத்தனையையும்?" ஃபென்னா பிஸ்கட் டின்னை நீட்டினாள், டீச்சர் கேட்காமலே இரண்டாவதும் எடுத்தாள். "கரையும் வேணாம், விடுதியும் வேணாம். ஏழு வயசு வரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும் ஃபென்னா."

ஃபென்னாவுக்கு உடம்பு முழுக்க லேசானது. ஹார்மென் படிக்கட்டில் நின்றபடி மூக்கை உறிஞ்சினான், ஜலதோஷம் பிடித்த மாதிரி.

அறைக் கதவு திறந்தது. ரூஸ் வெளியே வந்தாள். கோட்டுப் போட்டு, மேல் பொத்தான் வரைக்கும் மாட்டியிருந்தாள். தளத்துக்குப் போகும்போது போடுகிற மிதவை அங்கி இல்லை. எல்ஸ்கெவின் துணி மூட்டையை, உள்ளே இருந்ததையெல்லாம் கட்டிலில் கொட்டிவிட்டு, தன் தலையணையையும் இரண்டு சட்டையையும் திணித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கீஸின் கழுத்தைக் கட்டி முகத்தில் முத்தம் கொடுத்தாள்.

"நான் ரெடி," என்றாள் டீச்சரிடம். "உங்க கார் எங்க நிக்குது?"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கடி கிளம்பிட்ட?" என்றாள் ஃபென்னா.

"விடுதிக்கு." பிள்ளை அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நீ அழ மாட்டேன்னு சொன்ன."

"உன்னை யார் விடுதிக்குப் போகச் சொன்னது?"

"எனக்குத்தான் எல்லா வார்த்தையும் தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சா கூட்டிட்டுப் போயிடுவாங்கல்ல. எல்ஸ்கெ சொன்னா."

எல்லாரும் எல்ஸ்கெவைப் பார்த்தார்கள். அவள் கையில் பாதி உரித்த ஆரஞ்சுப் பழம் இருந்தது. முகம் சிவந்துவிட்டது.

"பச்சைப் பிள்ளைகிட்ட இப்படியா சொல்லி வெப்ப?" என்றாள் ஃபென்னா. "ஏன்டி பொய் சொன்ன?"

"பொய் சொல்லல. கோடை லீவு முடிஞ்சு நான் கிளம்பறப்ப, நீ ஏன் போறன்னு இவ கேட்டா. சொன்னேன்." எல்ஸ்கெவின் குரல் தணிந்தது. "நீதானம்மா சொன்ன."

"நானா?"

"மொத மொதல்ல என்னை விடப் போனப்ப. கார்ல. நான் அழுதேன்ல. 'உனக்கு எல்லா வார்த்தையும் தெரிஞ்சுபோச்சு, இவ்வளவு கெட்டிக்காரியைப் படகுல வெச்சிருக்க முடியுமா, அதான் ஸ்கூல்ல உன்னைக் கூப்பிடறாங்க'ன்னு."

சொன்னாள்தான். ஃபென்னாவுக்கு அந்தக் காரும், கண்ணாடியில் வழிந்த மழையும், பின்சீட்டில் விக்கி விக்கி அழுத பிள்ளையும் ஞாபகம் வந்தன. அழுகையை நிறுத்த வாயில் வந்ததைச் சொன்னாள். பிள்ளை உடனே அழுகையை நிறுத்தியதும், நல்ல வார்த்தைதான் சொல்லியிருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டதும் ஞாபகம் வந்தன.

டீச்சர் சத்தமில்லாமல் எழுந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

ஃபென்னா ரூஸின் முன்னால் மண்டி போட்டாள். கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள். "நீ இப்ப எங்கயும் போக வேண்டாம் ரூஸ். இங்கதான் இருக்கப்போற."

"எப்பவுமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளை சிரிக்கும், மூட்டையைப் பிரிக்கும், ராத்திரி பரிசு வாங்கும்.

"இல்ல. ஏழு வயசு வரைக்கும். அப்புறம் போகணும். வார்த்தை தெரிஞ்சாலும் போகணும், தெரியலன்னாலும் போகணும். கெட்டிக்காரின்னு யாரையும் அனுப்பறதில்ல. படகு ஓடுது, ஸ்கூல் ஒரே இடத்துல நிக்குது. உங்க ரெண்டு பேரையும் கூடவே வெச்சுக்க எனக்கு வழி தெரியல. அதுதான் நெஜம்." அழ மாட்டேன் என்று கொடுத்த வாக்கு போயிற்று. "உன்னையும் அனுப்ப மனசில்ல. அவளையும் எனக்கு மனசே இல்லாமதான் அனுப்பினேன்."

ரூஸ் மூட்டையின் மேல் உட்கார்ந்து, ஒரு பூட்ஸைக் கழற்றினாள். ஏழு வயது ரொம்பத் தூரத்தில் இருக்கிறது போலும் அவளுக்கு. மற்ற பூட்ஸைக் கீஸ் கவ்வி இழுத்ததும் சிரித்தேவிட்டாள்.

எல்ஸ்கெ கதவோரம் நின்ற இடத்தில் நின்றாள். ஆரஞ்சுத் தோலை விரல் நகத்தால் துணுக்குத் துணுக்காகக் கிள்ளினாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா," என்றாள்.

ஃபென்னா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ கோவிச்சுக்கக் கூடாது. மொத வருஷம் நான் தெரிஞ்சதையெல்லாம் தப்புத் தப்பா எழுதினேன். டீச்சர் கேட்டாலும் தப்பாத்தான் சொல்லுவேன். ஒண்ணும் தெரியாதவன்னு என்னைப் படகுக்கே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு."

ஹார்மென் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அந்த வருஷம் பிள்ளை படிப்பில் பின்தங்குகிறாள் என்று பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னதும், 'கவனம் எங்கடி போச்சு உனக்கு' என்று வாரா வாரம் பிள்ளையைக் கரித்துக் கொட்டியதும் இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. ஃபென்னா கை நீட்டினாள். பெரியவள் பக்கத்தில் வந்தாள், ஆனால் மடியில் உட்காருகிற வயதைத் தாண்டியிருந்தாள்.

"அந்த வருஷம் பூராவுமா காத்திருந்த?" என்று கேட்டாள் ஃபென்னா.

"ம்," என்றாள் எல்ஸ்கெ. "அப்புறம் விட்டுட்டேன்."